ஓட்டுமேட்டுக்காரிக்குப் போர்த்திய போர்வை

குல்சும் எனக்கு மச்சி. எங்க ஆட்களில் அண்ணன் பொண்டாட்டியை அப்படித்தான் கூப்பிடுவது. எங்க அண்ணன் பீர் முஹம்மதைக் கட்டிக்கொண்டு அவள் மயிலாப்பூருக்கு வந்தபோது எனக்கும் அவளுக்கும் ஒரே வயசு. அதனால் வாயில் மச்சி என்று வந்தாலும் பேச்செல்லாம் வாடி போடிதான். நான் வாழ்க்கைப்பட்டதும் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் அதே சந்தில், எதிர் வீடு. அவள் வீட்டில் பால் பொங்கினாலும் எனக்குத் தெரியும், அவள் பொங்கினாலும் எனக்குத் தெரியும்.

அவளைப் பற்றிச் சொல்வதானால் அவளுடைய அத்தாவிலிருந்து ஆரம்பிக்கணும். மெஹபூப் அலி மாமு. ஐஸ் ஹவுஸ் பக்கம் வீடு, ஜரிகைத் தையல் வேலை. தர்காவில் போர்த்துகிற பச்சைப் பட்டுப் போர்வைகளுக்கு ஓரம் தைத்துக் கொடுப்பார். அவருக்கு மூன்றும் பொண்ணு. பெரியவள் ரஹ்மத்தை வாணியம்பாடியில் கொடுத்தார்கள். நடுவுள்ளவள் ஜுலைகாவைப் பெரியமேட்டில். கடைசிதான் குல்சும். பெரியவள் போட்டதை நடுவுள்ளவள் போட்டு, அவள் போட்டதை இவள் போட்டு வளர்ந்தாள். பாவாடை, செருப்பு, தலைக்கு வைக்கிற கிளிப்பு எல்லாமே இவளிடம் வரும்போது கிழடு தட்டி வரும். பெருநாளைக்குப் புதுத்துணி எடுத்தால் அக்காமாருக்குத்தான் எடுப்பார்கள், அளவு பெரிசு, நாளைக்கு இவளுக்கும் ஆகும் என்று. அதனாலேயோ என்னவோ, அடுத்தவள் கையில் ஒரு சாமான் இருந்தால் அது தன்னிடமிருந்து போனதுதான் என்று அவள் மனசு அடித்துச் சொல்லும். கெட்டவள் இல்லை. காய்ச்சல் என்றால் வந்து கஞ்சி வைத்துக் கொடுப்பாள். ஆனால் நான் புதுசாக ஒரு ரவிக்கை தைத்தால் அன்றைக்கு அவளுக்குத் தலைவலி.

அவளுக்கென்றே புதுசாக வந்தது ஒன்றே ஒன்று. கல்யாணத்துக்கு அவள் அத்தா தைத்த போர்வை. தர்காவுக்குத் தைக்கிற அதே பச்சைப் பட்டு, அதே ஜரிகை, ஓரம் முழுக்க மாங்காய்க் கரை. ஒரு மூலைக்கு வரும்போது ஜரிகை தீர்ந்துவிட்டது. கடைசி மாங்காயை மட்டும் சிவப்பு நூலில் முடித்திருந்தார். நிக்காஹ் முடிந்து அவளை எங்க வீட்டுக்குக் கூட்டி வந்தது அந்தப் போர்வையில் மூடித்தான். அதற்கப்புறம் அதை அவள் பெட்டியில் மடித்து வைத்துப் பூச்சி உருண்டை போட்டாள். அவளும் போர்த்தவில்லை, ஒருத்தருக்கும் கொடுக்கவில்லை. என் நாத்தனார் கல்யாணத்துக்கு ஒரு மணி நேரம் இரவல் கேட்டேன். "அது வெளிய வந்தா சாயம் போயிடும்டி" என்றாள். பட்டுக்குக் காற்றுப் பட்டால் சாயம் போகும் என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

எங்க அண்ணனும் நல்ல மனுஷன். குடி கிடையாது, அடி கிடையாது. வேலைக்குப் போன காசைக் கொண்டுவந்து விளக்கு மாடத்தில் வைத்துவிடுவார். ஆனால் முகம் கொடுத்துப் பேச மாட்டார். இவள் கேட்டால் பதில் வரும், முகம் தெருப் பக்கம் இருக்கும். சோறு போட்டால் தட்டைப் பார்ப்பார், தண்ணி கொடுத்தால் சொம்பைப் பார்ப்பார். "இந்தா" என்பதுதான் அவளுக்குப் பேர். இரண்டு பிள்ளை பெற்று, அதுகள் பள்ளிக்கூடம் போகிற அளவு ஆகியும் இதே கதை. "உங்கண்ணன் என்னை ரோட்டுல பாத்தா அடையாளம் சொல்லுவாராடி?" என்று அவள் என்னிடம் கேட்பாள். சிரித்துக்கொண்டேதான் கேட்பாள். நான் பதில் சொல்ல நேரம் ஆனால் சிரிப்பு போய்விடும்.

எழுபத்து மூணாம் வருஷமோ நாலாம் வருஷமோ, அண்ணனுக்கு ரோட்டு வேலையில் காவல்காரர் உத்தியோகம் கிடைத்தது. அடையாறு தாண்டி வேளச்சேரிப் பக்கமாகப் புது ரோடு போடுகிறார்கள். அப்போது அங்கே என்ன இருந்தது, வயலும் ஏரித் தாங்கலும் பனை மரமும்தான். ஜல்லிக் குவியல், தார் டிரம்மு, சட்டி, கடப்பாரை, இதெல்லாம் களவு போகாமல் பார்க்கணும். எங்க சந்திலிருந்தே தேவானையும் அங்கே மண் சுமக்கப் போனாள். அண்ணன் சொல்லித்தான் அவளுக்கு அந்த வேலை.

ரோடு போகிற வழியில் ஒரு மேடு. அந்த ஊர்க்காரர்கள் ஓட்டுமேடு என்பார்கள். எங்கே மிதித்தாலும் காலில் பானை ஓடு குத்தும். ரோட்டுக்குக் கரை கட்ட அந்த மண்ணைத்தான் வெட்டினார்கள். வெட்டினால் கறுப்பும் சிவப்புமாகச் சட்டி வருகிறது, அம்மி மாதிரி கல்லு வருகிறது. அப்புறம் மண் உறையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறக்கின கிணறே வந்துவிட்டது. யாரோ போய்ச் சொல்லி, சர்க்காரிலிருந்து சிதம்பரநாதன் என்று ஒரு அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட ஒல்லி மனுஷர், குரலே எழும்பாது. ரோட்டு வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு, மேட்டில் கயிறு கட்டிக் கட்டம் போட்டார். கடப்பாரை பிடித்த கையிலெல்லாம் சின்னக் கரண்டியையும் பிரஷ்ஷையும் கொடுத்தார். ஒரு ஊரே உள்ளே கிடக்கிறது, அடுப்பு இருக்கிறது, அடுப்பில் சாம்பல் இருக்கிறது, இரண்டாயிரம் வருஷம் ஆகியிருக்கலாம் என்றாராம். மழைக்கு முன்னால் முடித்துக் கொடுக்கணும் என்று ரோட்டு கான்ட்ராக்டர் நாகராஜ் தினமும் வந்து தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். காவலுக்கு எங்க அண்ணனே இருக்கட்டும் என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். அவர்கள் ஒத்துக்கொண்டது அது ஒன்றில்தான்.

ஒரு நாள் அண்ணன் வீட்டுக்கு வந்து, கால் கழுவுவதற்கு முன்னாலேயே பேச ஆரம்பித்தார். நான் அப்போது மச்சியோடு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"இன்னிக்கு அவங்க கைய எடுத்தாங்க" என்றார், சுவரைப் பார்த்து.

"யாரு கைய?" என்றாள் மச்சி.

"அந்தம்மா கைய. மண்ணுக்குள்ளருந்து, அசைக்காம மேல மண்ண மட்டும் தள்ளி. தலமாட்டுல ஒரு சின்னக் கலயம் கீது. ஒருக்களிச்சு, முட்டிய மடக்கிக்கினு, தூங்கறாப்பல. கையில சங்கு வளையலு. ஒண்ணு கூட ஒடையல."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. மச்சி கீரையை அப்படியே மடியில் விட்டுவிட்டாள்.

"செத்துப் போன எலும்பா?"

"எலும்புன்னு சொல்லாத" என்றார் அண்ணன். "பொம்பள."

அன்றிலிருந்து தினமும் இதே பேச்சு. பெரிய அதிகாரி வந்து பார்க்கணும், படம் பிடிக்கணும், அதுவரைக்கும் அசைக்கக் கூடாது என்று சிதம்பரநாதன் சொல்லிவிட்டதால், மற்ற குழியெல்லாம் போக அந்தக் குழிதான் அண்ணனுக்கு முக்கியக் காவல். காலையில் போய் ஓரத்தில் குந்தினால் அங்கேயே இருப்பார். நாய் வந்தால் விரட்டுவார். வேடிக்கை பார்க்க வருகிற ஆம்பளைகள் கிட்டே வந்தால் சண்டைக்குப் போவார். சோறு தின்னும்போது, "அவங்க பல்லு ஒண்ணு கூட வுழல, முத்து மாதிரி கீது" என்பார். மச்சிக்கு அந்த வருஷம்தான் ஒரு கடைவாய்ப்பல் பிடுங்கியிருந்தது. தட்டை டொக்கென்று வைத்துவிட்டு எழுந்து போனாள். அவர் கவனிக்கவில்லை.

"என் கையில இன்னா கலரு வளையலு போட்டுக்கினு கீறேன்னு உங்கண்ணனைக் கேளுடி" என்று என்னிடம் வந்து பொருமினாள். "எனக்குக் கண்ணு தெரியாம போனாக்கூட அவருக்குத் தெரியாது. அவ பல்லை எண்ணிக்கினு கீறாரு."

"ஏண்டி, ரெண்டாயிரம் வயசுக் கெழவி. அவளோட போட்டியா?"

"வயசாகி இன்னா. மயக்கி வெச்சுக்கினு கீறாளே."

மண்ணுக்குள் கிடந்தவளுக்கு மச்சி வைத்த பேர்தான் ஓட்டுமேட்டுக்காரி. அந்தப் பேரைச் சொல்லும்போது, அடுத்த தெருவில் குடியிருக்கிற ஒருத்தியைச் சொல்கிற மாதிரியே இருக்கும்.

தேவானை சும்மா இருப்பாளா. சாயந்திரம் வேலை விட்டு வரும்போது எங்க சந்து முனையிலேயே ஆரம்பித்துவிடுவாள். "குல்சுமக்கா, இன்னிக்கு பாய் அவளுக்குக் கொட புடிச்சாரு. வெயிலு மூஞ்சில அடிக்குதாம்." இன்னொரு நாள், "நாங்க மண்ணு செமந்து செமந்து சாவறோம், எங்களுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கல. அவ பக்கத்துல ஒரு சொம்புத் தண்ணி வெச்சுக்கினு குந்திக்கினு கீறாரு. எலும்பு குடிக்குமாக்கா?"

"குடிக்கும்டி. எங்க வூட்டு ஆம்பள குடுத்தா குடிக்கும்" என்பாள் மச்சி.

கண்ணில் சுர்மா தீட்டிப் பார்த்தாள். அண்ணனுக்குப் பிடித்த கறிக்குழம்பு வைத்துப் பார்த்தாள். மல்லிப்பூ வாங்கி வைத்துக்கொண்டு அவர் முன்னால் மூன்று தடவை குறுக்கே நடந்தாள். நாலாவது தடவை அண்ணன் நிமிர்ந்தார். "அந்தக் காலத்துல பூ வெப்பாங்களான்னு ஆபீசரைக் கேக்கணும்" என்றார்.

அப்புறம் மழை லேசாகத் தலை காட்டியது. குழியை மூடச் சொல்லி ஆபீசர் சாக்கு கொடுத்திருந்தார். ஆனால் அது தார் டிரம்மைத் துடைத்த சாக்கு, வெயிலில் தார் இளகி ஒழுகுகிறது. அண்ணன் தன் வேட்டியைப் போட்டுப் பார்த்தார், காற்று தூக்கிக்கொண்டு போனது. அவர் மனசில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். எங்க அம்மா மவுத்தானது சந்தையில். நாங்கள் சின்னப் பிள்ளைகள். மயக்கம் போட்டு விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. சேலை விலகிக் கிடக்கிறாள், சுற்றி ஒரு கும்பல் நின்று பார்க்கிறது, ஒருத்தரும் ஒரு துணி போடவில்லை. அண்ணன்தான் தன் சட்டையைக் கழற்றிப் போட்டார். அது அவர் நெஞ்சுக்குள்ளேயே இருந்தது. ஆனால் அதற்காக அவர் செய்த காரியத்தை நான் சரி என்று சொல்ல மாட்டேன். மச்சி குழாயடிக்குப் போயிருந்த நேரம் பார்த்து வீட்டுக்கு வந்தார், பெட்டியைத் திறந்தார். கனமாக, சுத்தமாக, பொம்பளைக்கு ஆகிற துணியாக எது மேலே இருந்ததோ அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சும்மா மடித்துக் கிடக்கிற துணிதானே என்று நினைத்திருக்கிறார். அது என்ன துணி என்றே அவருக்கு நினைவில்லை. அதில் மூடி வந்தவளை அவர் என்றைக்குப் பார்த்தார், துணியைப் பார்க்க.

அங்கே நடந்தது வேறு. ஓட்டுமேட்டை ஒட்டித்தான் வேளச்சேரி ஆட்கள் அடையாறு மார்க்கெட்டுக்குப் போகிற வண்டிப் பாதை. போகிற வருகிறவர்கள் பார்க்கிறார்கள். குழிக்குள் ஆள் நீளத்துக்கு ஒரு மேடு, அதன்மேல் பச்சைப் பட்டு, ஜரிகைக் கரை. பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு பாய், கொசுவுக்கு ஊதுபத்தி கொளுத்தி வைத்துக்கொண்டு குந்தியிருக்கிறார். என்ன நினைப்பார்கள்? பூமிக்குள்ளிருந்து ஒரு அவுலியா கபுர், இறைநேசர் ஒருத்தரின் சமாதி, வெளியே வந்திருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். முதலில் ஒரு கீரைக்காரி பூ போட்டுவிட்டுப் போனாள். மறுநாள் சர்க்கரைப் பொட்டலம் வந்தது. அப்புறம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள். அண்ணன் கையெடுத்துச் சொன்னார், "அம்மா, இது தர்கா இல்ல. இது பொம்பள. போங்க." பெரியவங்களுக்குக் காவல் இருக்கிறவங்க அப்படித்தான் மறைப்பாங்க என்று ஒரு கிழவர் விளக்கம் சொன்னார். அப்புறம் அண்ணன் பேச்சு எடுபடவே இல்லை. வேலிக் கயிற்றில் மஞ்சள் நூல் கட்டினார்கள். ஒரு இளநீர் வண்டி வந்து நின்றது.

இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. தேவானை அந்த வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வேலைக்குப் போகவில்லை. மழைக்கு முன்னால் துணிகளை வெயிலில் காயவைக்கலாம் என்று மச்சி பெட்டியைத் திறந்தாள். எதிர் வீட்டிலிருந்து எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. ரொம்ப நேரம் சத்தமே இல்லை என்பதால்தான் போய்ப் பார்த்தேன். பூச்சி உருண்டை இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"போர்வையக் காணோம்டி."

"நல்லாத் தேடிப் பாத்தியா?"

"களவு போகல. திருடன்னா வெள்ளிக் கொலுசை வுட்டுட்டுப் போவானா. எடுத்துக் குடுத்துட்டாரு. எவளுக்கோ குடுத்துட்டாரு."

அந்த நேரம் பார்த்து தேவானை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். காய்ச்சல் விட்டுப் பிள்ளை பொரி தின்றுகொண்டிருந்தது. "அக்கா, ஓட்டுமேட்டுல ஒரு அவுலியா வந்துகீறாரு, தெரியுமா. காலைல கொழந்தையத் தூக்கினு போனேன். பூவ எடுத்துத் தடவனேன், காச்சலு எறங்கிடுச்சு. பாய்தான் காவலு. நம்ம பாயிக்குத்தான் அந்த பாக்கியம். ஆமா, அந்தப் பொம்பளய எங்க தூக்கினு பூட்டாங்கன்னு தெரில."

"போர்வை போட்டுகீதா?" என்றாள் மச்சி.

"பச்சப் பட்டுக்கா. கரையில மாங்கா. அப்படியே மின்னுது."

"மூலையில ஒரு மாங்கா செவப்பு நூலா?"

தேவானை யோசித்தாள். "ஆமாக்கா. கால்மாட்டுல. உனக்கு எப்படித் தெரியும்?"

மச்சி துப்பட்டியை எடுத்துத் தலையில் போட்டாள். நான் அவளை அந்த நிலையில் தனியே விட முடியாது. பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு நானும் ஓடினேன். அடையாறு வரைக்கும் பஸ், அப்புறம் நடை. நடக்கும்போது எங்க அம்மா மவுத்தான கதையைச் சொன்னேன். அவளுக்கு அதுவரைக்கும் தெரியாது. மனசு கொஞ்சம் இளகும் என்று பார்த்தேன். கேட்டுக்கொண்டே வந்தாள்.

"பாவம்தான். மாமிக்கு சொவர்க்கம் கெடைக்கட்டும். ஆனா சட்டையத்தான கழட்டிப் போட்டாரு அன்னிக்கு? இவளுக்கு மட்டும் என் போர்வையா?"

சொல்லிவிட்டு நடையை இன்னும் எட்டிப் போட்டாள்.

மேட்டில் திருவிழாக் கூட்டம். ஒரு பக்கம் நாகராஜ், இன்னொரு பக்கம் சிதம்பரநாதன், நடுவில் எங்க அண்ணன் தலை குனிந்து நிற்கிறார். பெரிய அதிகாரி காலையிலேயே வந்து, கூட்டம் கூடுவதற்குள் அண்ணன் போர்வையை விலக்கிக் காட்ட, பார்த்துப் படம் எடுத்தாகிவிட்டதாம். அண்ணன் உடனே மறுபடி மூடிவிட்டாராம். இனிமேல் அந்த அம்மாவை எடுத்துப் பெட்டியில் வைக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் போர்வையை எடுக்க ஆள் இல்லை.

"பாய், நீ போட்டது. நீயே எடுத்துடு" என்றார் நாகராஜ். "மழ வந்துச்சுன்னா நான் தெருவுலதான் நிக்கணும்."

"எடுத்தா அவங்க வெறும் ஒடம்பா கெடப்பாங்க சார். இத்தினி ஆம்பள சுத்தி நிக்கறான். பொம்பளைங்க யாராச்சும் வந்து எடுக்கட்டும். நான் திரும்பி நின்னுக்கறேன்."

"எலும்புதானே பாய்" என்றார் சிதம்பரநாதன், கெஞ்சுகிற மாதிரி.

"எங்கள்ல பொம்பள மையத்த பொம்பளதான் சார் தொடணும். எலும்பானா மட்டும் ஆம்பள ஆயிடுவாங்களா?"

சித்தாள் பொம்பளைகளைக் கூப்பிட்டார்கள். எல்லோரும் பின்வாங்கினார்கள். சாமி குத்தம் ஆகிவிடும் என்றாள் ஒருத்தி. "நீங்களே எடுங்க சார்" என்று ஒருத்தி நாகராஜைப் பார்த்துச் சொன்னாள். "எனக்கும் புள்ளகுட்டி கீதும்மா" என்றார் அவர்.

மச்சி கூட்டத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு போனாள். கயிற்றைத் தூக்கி உள்ளே குனிந்தாள். அவளை யாரும் தடுக்கவில்லை, நேர்ச்சை செய்ய வந்தவள் என்று நினைத்திருப்பார்கள். குழி ஓரத்தில் நின்று கால்மாட்டு மூலையைப் பார்த்தாள். சிவப்பு மாங்காய். குனிந்தாள், அந்த மூலையைப் பிடித்தாள், ஒரே இழுப்பு. பூவும் சர்க்கரையும் எகிறி விழுந்தன. போர்வை அவள் கையில்.

"இது எங்கத்தா எனக்குத் தெச்சது" என்றாள். கத்தவில்லை. எல்லோருக்கும் கேட்டது.

கூட்டம் ஒரு அடி பின்னால் போனது. உள்ளே மண் நிறத்தில் எலும்பு, மடக்கின முட்டி, கையில் சங்கு வளையல். ஒரு பொம்பளை தூங்குகிறாள், அவ்வளவுதான். தூரத்தில் யாரோ "பொம்பளையாமே" என்றார்கள். இளநீர்க்காரன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தான்.

அண்ணன் நிமிர்ந்தார். மச்சியைப் பார்த்தார். கோபமாகத்தான் பார்த்தார், ஆனால் நேருக்கு நேர், முழுசாக, மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்தார். அவளும் பார்த்தாள். அதைப் பற்றி அப்புறம் அவள் என்னிடம் சொன்னது இதுதான்: "உங்கண்ணனுக்கு எடது கண்ணுக்குள்ள ஒரு பழுப்புப் புள்ளி கீதுடி. உனக்குத் தெரியுமா? எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்." கூடப் பிறந்த எனக்கே அது தெரியாது.

அவர் பார்த்தது அவ்வளவு நேரம்தான். சட்டைப் பொத்தானைக் கழற்றினார். சட்டையை உருவிக் குழியில் இறங்கி அந்த அம்மா மேல் போட்டார். மச்சியின் முகம் போன போக்கை நான் பார்க்க விரும்பவில்லை. போர்வையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

சிதம்பரநாதன்தான் சட்டென்று முன்னால் வந்தார். "அம்மா, இப்பவே எடுத்துடலாம். நீங்க கை குடுத்தா, பாய் சொல்ற மாதிரி பொம்பளைங்களே எடுத்த மாதிரி ஆயிடும். எதை எப்படி எடுக்கணும்னு நான் மேலருந்து சொல்றேன்."

"நான் எடுக்கறேன்" என்றாள் மச்சி. "இவ இங்கருந்து போவணும். அவ்ளோதான."

போர்வையை என் கையில் திணித்தாள். "கீழ வெச்சேன்னா கொன்னுடுவேன்" என்றாள். சேலையைச் செருகிக்கொண்டு குழியில் இறங்கினாள். சித்தாள்களை வட்டமாக நிறுத்தி முந்தானையைப் பிடிக்கச் சொன்னாள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று கண்ணில் பட்டது. அண்ணன் சொன்ன சொல் தவறாமல், சட்டை இல்லாத வெறும் முதுகைக் காட்டிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுவிட்டார். குழிக்கு முதுகு. அந்த அம்மாவுக்கு முதுகு.

மச்சி மண்டையோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காதில் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள். "பாத்தியா. இப்ப உனக்கும் முதுகுதான்."

முந்தானை பிடித்து நின்றவர்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

ஆபீசர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக எடுத்தாள். பஞ்சு விரித்த பெட்டியில் வைத்தாள். திட்டிக்கொண்டேதான் வைத்தாள், ஆனால் கை பதமாக இருந்தது. பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டுகிற கை. சங்கு வளையலோடு கையெலும்பை எடுக்கும்போது தன் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் வைத்து அளவு பார்த்தாள். "இத்தினூண்டு கை" என்றாள், மூக்கைச் சுளித்துக்கொண்டு. கடைசியாகத் தாடையை எடுத்தபோது அப்படியே நின்றாள். திருப்பிப் பார்த்தாள். மண்ணில் அழுந்திக் கிடந்த பக்கம், பின்வரிசையில் இரண்டு பல் இல்லை. இருந்த இடம் எப்போதோ மூடிப்போயிருந்தது.

"சார், இந்தப் பல்லு நீங்க தோண்டும்போது வுழுந்துச்சா?"

ஆபீசர் குனிந்து பார்த்தார். "இல்லம்மா. உயிரோட இருக்கும்போதே போனது."

"மச்சான்" என்று அண்ணன் முதுகைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். அப்படி நாலு பேர் நடுவில் அவள் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "உங்க ஆளுக்குக் கடவாப்பல்லு ரெண்டு கெடையாது. எனக்கு ஒண்ணுதான்."

அண்ணன் திரும்பவில்லை. ஆனால் அவர் தோள் குலுங்கியது. சிரித்தாரா என்னவோ.

கூட்டம் அது பாட்டுக்குக் கலைந்தது. சிலபேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மறுநாள் விஷயம் தெரிந்தபோது தேவானை மட்டும் அசரவில்லை. "பொம்பளயா இருந்தா இன்னா, என் கொழந்தைக்குக் காச்சலு எறங்கிச்சில்ல" என்றாள். பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆபீசர் போனார். மழை பிடிப்பதற்கு முன்னால் நாகராஜ் கரையைக் கட்டிவிட்டார். கிணறு, அடுப்பு, தரை எல்லாவற்றையும் அளந்து வரைந்துகொண்டு மண்ணைப் போட்டு மூடினார்கள். அடுத்த வருஷம் அதன்மேல் தார் ஊற்றினார்கள்.

போர்வையை மச்சி துவைத்தாள். மறுபடி துவைத்தாள். எங்க சந்தில் கொடி கட்டி அது காய்ந்ததை எல்லோரும் பார்த்தார்கள். சாயம் ஒன்றும் போகவில்லை. பெட்டிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அண்ணன் அதற்கு மன்னிப்பும் கேட்கவில்லை, கோபமும் காட்டவில்லை. ஆனால் ஒரு பெருநாளைக்கு முன்னால் தெருவில் வளையல்காரர் வந்தபோது, உள்ளே போய், "இந்தா, உன் பச்சை வளையலு ஒண்ணு ஒடஞ்சிருக்கு பாரு, போட்டுக்க" என்றார். வாசல் பக்கம் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். பச்சை என்று சரியாகச் சொல்லிவிட்டார் என்று அன்றைக்கு முழுக்க மச்சி என்னிடம் வந்து வந்து போனாள்.

அப்புறம் அண்ணனுக்கு வேளச்சேரியில் ஒரு மரக்கிடங்கில் நிரந்தரக் காவல் கிடைத்தது. குடும்பத்தை அங்கேயே மாற்றிக்கொண்டார்கள். மாதம் ஒரு தடவையாவது என்னைப் பார்க்க மயிலாப்பூர் வருவார்கள். அந்தப் புது ரோட்டில்தான் பஸ். சில தடவை அவர்களோடு நானும் போயிருக்கிறேன். ஓட்டுமேடு இருந்த இடம் இப்போது ஒன்றும் தெரியாது, ரோடு லேசாக ஏறி இறங்கும், அவ்வளவுதான். அந்த ஏற்றம் வரும்போது அண்ணன் கை தானாகத் தொப்பிக்குப் போகும். தொப்பியைச் சரி பண்ணுவார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பப் பார்ப்பார். உதடு அசையும்.

சரியாக அந்த நேரத்தில் மச்சி ஏதாவது கேட்பாள். "மச்சான், வூட்டைப் பூட்டனீங்களா?" இல்லையென்றால், "மச்சான், சகினாவுக்கு எடுத்து வெச்ச முருங்கக்காய எடுத்துக்கினீங்களா?" பூட்டினது அவளாகவே இருக்கும். சகினா என்றால் நான்தான், எனக்கான முருங்கைக்காய் அவள் மடியிலேயே இருக்கும். ஆனாலும் கேட்பாள். அவர் திரும்பி, "பூட்டிகினுதான வந்த" என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வார். அவள் அந்தக் கண்ணிலிருக்கிற பழுப்புப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே, அப்படியா, மறந்துட்டேன் என்பாள். அதற்குள் பஸ் ஏற்றத்தைத் தாண்டி இறங்கிவிடும்.

ஒரு தடவை கூட அவள் தவறவிட்டதில்லை. பஸ்ஸில் எத்தனை கூட்டம் இருந்தாலும், பேச்சு நடுவில் இருந்தாலும், அந்த இடம் வந்தால் எங்க அண்ணன் முகம் குல்சும் பக்கம்தான்.